கேபிளை அறிந்து கட்டரைத் தேர்ந்தெடுங்கள்: ஹைட்ராலிக் கேபிள் கட்டர் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கருவிக்கடைகளில், "300 கேபிளுக்கு ஒரு ஹைட்ராலிக் கட்டர் வேண்டும்" என்று மட்டும் சொல்லிக் கருவி வாங்கிச் செல்வோர் பலர். அந்த 300 என்பது ஒரு கோரில் (கேபிளுக்குள் இருக்கும் காப்பிட்ட தனிக் கடத்தி) உள்ள செம்பு அல்லது அலுமினியத்தின் குறுக்குவெட்டுப் பரப்பைச் சதுர மி.மீ.யில் சொல்லும் எண். கட்டரின் வாய்க்குள் நுழைய வேண்டியதோ வெளியுறை, ஆர்மர் எனப்படும் உலோகக் கவசம், உள்ளுறை, காப்பு என எல்லாம் சேர்ந்த முழுக் கேபிள். அதே 300 சதுர மி.மீ. ஒற்றைக் கோரில் வந்தால் 30 மி.மீ. விட்டத்தை ஒட்டி இருக்கும். ஆர்மர் செய்த மூன்றரைக் கோர் (மூன்று முழுக் கோர், ஒரு சிறிய நியூட்ரல் கோர்) கேபிளாக வந்தால் 55 முதல் 60 மி.மீ.க்குப் போய்விடும், 11 கிலோவோல்ட் மூன்று கோர் கேபிளாக இருந்தால் 75 மி.மீ.யை நெருங்கும். எண் ஒன்றே என்றாலும் மூன்றுக்கும் ஒரே கருவி பொருந்தாது. ஆகவே கடைக்காரரிடம் சொல்ல வேண்டியவை சதுர மி.மீ. அல்ல, கேபிளின் வெளிவிட்டம், அதற்குள் இருக்கும் உலோகங்கள், நின்று வெட்டப்போகும் இடம் ஆகியவையே. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கேபிளில் மின்சாரம் இல்லை என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்பதும் கருவியைத் தீர்மானிக்கும்.

வெளிவிட்டத்தை அளத்தல்

வெர்னியர் காலிப்பர் கையில் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் ஓர் அளவு நாடாவைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து, வரும் சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். சுற்றளவு 220 மி.மீ. என்றால் விட்டம் 70 மி.மீ. குழிக்குள் சேறு அப்பிய கேபிளை அளப்பதற்கு முன் துடைத்துவிட வேண்டும். பழைய கேபிள் மண்ணின் அழுத்தத்தில் நசுங்கி முட்டை வடிவம் கொண்டிருந்தால் அகலமான பக்கத்தின் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

சந்தையில் கட்டர்களின் வாய்த்திறப்பு பெரும்பாலும் 40, 50, 85, 105, 120 மி.மீ. என்ற அளவுகளைச் சுற்றியே அமைகிறது. கட்டடங்களின் மின் அறைகளில் காணும் மூன்றரைக் கோர் 185 சதுர மி.மீ. அலுமினிய ஆர்மர் கேபிள் 50 மி.மீ. வாய்க்குள் சற்று நெருக்கமாக நுழையும். அதே வகையில் 240 பெரும்பாலும் நுழையாது. 11 கிலோவோல்ட் மூன்று கோர் 240, 300 கேபிள்களை 85 மி.மீ. கட்டர் ஏற்கும். ஆனால் 400 கேபிள் 80 மி.மீ.யைத் தாண்டுவதால், அதற்கு 105 மி.மீ. கருவியே பாதுகாப்பான தேர்வு. இந்த விட்டங்கள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் சில மி.மீ. மாறும். கேபிள் இன்னும் வந்து சேராத நிலையில் கட்டர் வாங்குவதாக இருந்தால், உற்பத்தியாளரின் அட்டவணையில் உள்ள வெளிவிட்டத்தைப் பார்த்து, அதற்கு மேல் பத்து சதவீதமாவது இடம் இருக்கும்படி வாயைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். பிளேடு அழுத்தத் தொடங்கியதும் கேபிள் பக்கவாட்டில் விரிகிறது. அந்த விரிவுக்கு இடமில்லாத வாயில் கேபிள் இறுகிச் சிக்கிக்கொள்ளும்.

உள்ளே எஃகு இருக்கிறதா?

கட்டர்கள் கெடுவதற்குக் கேபிளின் பருமனைவிட அதற்குள் இருக்கும் எஃகே பெரிய காரணம். செம்பும் அலுமினியமும் மென்மையானவை; பிளேடு அவற்றைப் பிழிந்துகொண்டே உள்ளே இறங்கிவிடும். எஃகுக் கம்பி அப்படி இடம் கொடுப்பதில்லை. செம்புக்கும் அலுமினியத்துக்கும் மட்டும் தீட்டப்பட்ட மெல்லிய விளிம்பு கொண்ட பிளேடை எஃகின் மேல் இறக்கினால், முதல் வெட்டிலேயே விளிம்பில் பல் விழலாம். பிறகு அதே பிளேடால் வெட்டும் ஒவ்வொரு கோரிலும் கம்பிகள் அறுபடாமல் இழுபட்டு நிற்கும்.

கேபிளின் உறையிலோ டிரம்மில் ஒட்டியிருக்கும் அட்டையிலோ உள்ள குறியீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்தக் கேள்விக்கான விடை அங்கேயே கிடைத்துவிடும். ஐ.எஸ். 7098 என்ற இந்தியத் தரத்தின்படி வரும் எக்ஸ்.எல்.பி.ஈ. (குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன்) கேபிளில் முதல் எழுத்து 'ஏ' என்றால் அலுமினியம். அந்த எழுத்தே இல்லாவிட்டால் செம்பு. அடுத்து வரும் '2எக்ஸ்' என்பது எக்ஸ்.எல்.பி.ஈ. காப்பைக் குறிக்கிறது. அதற்குப் பின் 'டபிள்யூ' என்று வந்தால் உருண்டை எஃகுக் கம்பி ஆர்மர். 'எஃப்' என்று வந்தால் தட்டை எஃகுப் பட்டை ஆர்மர். அந்த எழுத்துகளோடு சிறிய 'ஏ' ஒட்டியிருந்தால் ஆர்மர் காந்தமில்லா உலோகத்தால், அதாவது பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது என்று பொருள். கடைசியில் வரும் 'ஒய்' பி.வி.சி. வெளியுறையைச் சொல்கிறது. ஒற்றைக் கோர் ஆர்மர் கேபிள்களில் அலுமினிய ஆர்மர் வருவதற்குக் காரணம் உண்டு: மாறுமின்னோட்டம் ஓடும் ஒற்றைக் கோரைச் சுற்றி எஃகு இருந்தால், அதில் தூண்டப்படும் காந்தப்புலத்தால் எஃகு சூடேறி மின்னிழப்பு கூடும். எனவே ஒற்றைக் கோர் ஆர்மர் கேபிள்களை மட்டுமே வெட்டும் ஒரு குழுவுக்குச் செம்பு–அலுமினிய வகைக் கட்டரே போதுமானது. மூன்று கோர், மூன்றரைக் கோர், நான்கு கோர் ஆர்மர் கேபிள்களைத் தொடுபவர்களுக்கோ எஃகு ஆர்மருக்கு உரியது என்று உற்பத்தியாளரே எழுத்தில் உறுதி சொல்லும் கருவி வேண்டும்.

இதிலும் ஒரு படி மேலே இருப்பது ஏ.சி.எஸ்.ஆர். எனப்படும், நடுவில் எஃகுக் கம்பி கொண்ட அலுமினிய மேல்நிலைக் கடத்தி. பூமிக்கடியில் புதையாத 11 கிலோவோல்ட் லைன்களில் காணும் ராபிட் கடத்தியின் விட்டம் 10.05 மி.மீ.தான், பாந்தர் 21 மி.மீ., ஜீப்ரா 28.62 மி.மீ., மூஸ் 31.77 மி.மீ. "50 மி.மீ. கட்டருக்கு 28 மி.மீ. என்ன பெரிய வேலை?" என்று தோன்றக்கூடும். ஆனால் ஜீப்ராவின் நடுவில் 3.18 மி.மீ. விட்டமுள்ள ஏழு எஃகு இழைகள் இருக்கின்றன. அவை ஆர்மர் கம்பியைவிட மிகவும் கடினமான, உயர் இழுவலிமை கொண்ட எஃகு. நல்ல உற்பத்தியாளர்கள் தங்கள் தகட்டிலோ கையேட்டிலோ செம்பு–அலுமினியக் கேபிளுக்கு ஓர் எண், ஏ.சி.எஸ்.ஆர்.க்கு வேறோர் எண், எஃகுக் கயிற்றுக்கு இன்னொரு எண் என்று தனித்தனியே கொடுப்பார்கள். எஃகுக்கான எண் எப்போதும் சிறியதாகவே இருக்கும். ஒரே ஓர் எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டுவிட்டு உலோகத்தைப் பற்றி எதுவும் சொல்லாத கருவியைச் செம்பு–அலுமினியத்துக்கு மட்டும் உரியதாகவே கருத வேண்டும். ஸ்டே வயரையும் (கம்பத்தை இழுத்துத் தாங்கும் எஃகுக் கம்பி) கான்கிரீட் கம்பியையும், அவற்றுக்கென்று எண் தராத எந்தக் கேபிள் கட்டரிலும் வைக்கக் கூடாது. அவற்றுக்கு வேறு கட்டர்கள் இருக்கின்றன.

வாயின் வடிவத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கத்தரிக்கோல் போல இரண்டு வளைந்த பிளேடுகள் ஒன்றையொன்று கடக்கும் வகை, செம்பு, அலுமினியக் கோர்களைச் சுத்தமாக வெட்டும். கோர் அதிகம் நசுங்காது. நேராக இறங்கும் ஒரே பிளேடும் அதை எதிர்கொள்ளும் நிலையான பிளேடும் கொண்ட கில்லட்டின் வகை, எஃகு ஆர்மருக்கும் ஏ.சி.எஸ்.ஆர்.க்கும் ஏற்றது, ஆனால் கேபிளை ஓரளவு தட்டையாக்கிவிடும். எனவே கேபிள்களை இணைக்கும் ஜாயிண்ட் போடும் இடத்தில் முழுக் கேபிளைக் கில்லட்டினால் வெட்டிவிட்டு, உள்ளிருக்கும் கோர்களின் இறுதி அளவை ராட்செட் கட்டராலோ ஹாக்ஸா பிளேடாலோ நேராக வெட்டுவதே நல்ல ஜாயிண்டர்களின் முறை. கில்லட்டின் நசுக்கிய முனையை அப்படியே லக்குக்குள் (கேபிள் முனையில் பூட்டும் உலோக இணைப்பான்) திணித்துக் கிரிம்ப் செய்தால், அதாவது நசுக்கி இறுக்கினால், தொடர்பு சரியாக அமையாமல், சில மாதங்களிலேயே அந்த லக் சூடேறத் தொடங்கலாம்.

வாய் திறக்கும் தலையா, மூடிய தலையா என்பதை இடம் சொல்லிவிடும். கேபிளின் முனை கையில் இருந்தால் மூடிய தலைக்குள் நுழைத்து வெட்டலாம். இரண்டு முனைகளும் எங்கோ இருக்க, குழியில் நடுவில் மட்டும் தெரியும் கேபிளை வெட்டுவதற்குத் தாழ்ப்பாளைத் திறந்து கேபிளைச் சுற்றிப் பூட்டக்கூடிய தலைதான் உதவும். தாழ்ப்பாளின் ஊசி முழுமையாக உட்காராமல் அழுத்தம் ஏற்றினால் தலையே வளைந்துவிடும் என்பதால், அந்த ஊசியின் தேய்மானத்தைப் பழைய கருவிகளில் முதலில் பார்க்க வேண்டும்.

டன் எண்ணைச் சரிபார்த்தல்

பெரும்பாலான கட்டர்கள் 700 பார் அழுத்தத்தில் இயங்குகின்றன. அதாவது ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் 700 கிலோவுக்குச் சற்று மேலான விசை. எனவே ராமின் (எண்ணெய் அழுத்தம் தள்ளும் பிஸ்டன்) விட்டம் தெரிந்தால் கருவியின் டன் கணக்கை நாமே போட்டுவிடலாம். 40 மி.மீ. விட்டமுள்ள ராமின் பரப்பு சுமார் 12.5 சதுர செ.மீ.; விசை ஏறத்தாழ 9 டன். 12 டன் என்று எழுதப்பட்ட கருவியில் ராம் 46, 47 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிட மெலிதான ராமை வைத்துக்கொண்டு 12 டன் என்று சொல்லும் கருவி, 700 பாருக்கு மேல் அழுத்தம் ஏற்றுகிறது அல்லது பொய் சொல்கிறது. இரண்டுமே விலக வேண்டிய காரணங்கள். டன் அதிகம் என்பதாலேயே வெட்டு நன்றாக இருக்கும் என்பதும் இல்லை. பிளேடின் கோணம், கடினம், இரண்டு பிளேடுகளுக்கும் இடையிலான இடைவெளி ஆகியவை சரியாக அமைந்த 6 டன் கருவி, ஆடும் பிளேடு கொண்ட 12 டன் கருவியைவிடச் சுத்தமாக வெட்டும்.

கையால் இயக்குவதா, பேட்டரியா, தனித்தலையா?

நாளைக்கு நாலைந்து வெட்டுகள் மட்டும் இருக்கும் பராமரிப்புப் பணிக்குக் கைப்பிடியை அடித்து இயக்கும் கருவியே போதும். விலை குறைவு, சார்ஜ் செய்யத் தேவையில்லை, பழுதானால் பெங்களூரிலேயே சீல் மாற்றித் தருவோர் இருக்கிறார்கள். வாங்கும்போது இரண்டு கட்ட பம்ப் உள்ளதையே கேளுங்கள். அதில் பிளேடு கேபிளைத் தொடும் வரை வேகமாக முன்னேறி, எதிர்ப்பு வந்ததும் தானாக உயர் அழுத்தத்துக்கு மாறும். ஒற்றைக் கட்ட பம்பில் 85 மி.மீ. வாயை மூடுவதற்கே தோள் வலிக்கும் அளவுக்கு அடிக்க வேண்டியிருக்கும். கைப்பிடியை வீசி அடிக்க இடம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பேனலுக்குப் பின்னாலும், கேபிள் டிரேக்குப் பக்கத்தில் ஏணி மேலும் அந்த இடம் இருப்பதில்லை.

ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் உயர்ந்த கட்டடங்களில் நாள் முழுதும் கேபிள் இழுத்து வெட்டிக்கொண்டே போகும் குழுக்களுக்குப் பேட்டரிக் கட்டர் கொடுத்த காசுக்கு உழைக்கும். அதன் எடையை வாங்கும் முன் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுப்பளவில் எளிதாகத் தோன்றும் கருவி, தலைக்கு மேல் ஐந்து நிமிடம் பிடிக்கும்போது வேறாகத் தெரியும். குழுவில் ஏற்கெனவே இருக்கும் கிரிம்பிங் கருவியின் பேட்டரியே இதற்கும் பொருந்துமானால் அது பெரிய வசதி. விசையை விட்டதும் உடனே நிற்கிறதா, வெட்டின் நடுவில் பின்வாங்க வைக்கும் பொத்தான் கைக்கு எட்டுகிறதா என்ற இரண்டையும் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

தனித்தலை, ஹோஸ் (எண்ணெய் செல்லும் குழாய்), கால் பம்ப் என்று மூன்றாகப் பிரிந்து வரும் வகை குழிகளுக்கும் மேன்ஹோல்களுக்கும் பொருத்தமானது. தலையை மட்டும் கேபிளில் பூட்டிவிட்டு ஆள் மேலே நின்று அழுத்தலாம். 85 மி.மீ.க்கு மேற்பட்ட கேபிள்களுக்கு நான் இந்த வகையைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். பாரமும் பாதுகாப்பும் இரண்டுமே இதற்குக் காரணம்.

கேபிளில் மின்சாரம் இல்லை என்று எப்படித் தெரியும்?

பெங்களூரின் சாலையோரக் குழி ஒன்றைத் தோண்டினால் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 11 கிலோவோல்ட் கேபிள், தாழ்வழுத்தக் கேபிள்கள், ஃபைபர் குழாய்கள், குடிநீர்க் குழாய், சில இடங்களில் எரிவாயுக் குழாய் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில், ஒரே பருமனில் இரண்டு கேபிள்கள் ஓடுகின்றன. ஒன்று நிறுத்தப்பட்டது, மற்றொன்று ஓடிக்கொண்டிருப்பது. கேபிள் வெட்டும் வேலையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த அடையாளக் குழப்பமே.

முதலில், உரியவரிடம் லைன் கிளியர் (மின்சாரம் நிறுத்தப்பட்டது, வேலை செய்யலாம் என்ற அனுமதி) எழுத்தில் பெற வேண்டும்; பெஸ்காமின் கேபிளை அவர்களின் அனுமதியும் ஆளும் இன்றித் தனி ஒப்பந்தக்காரர் தொடக் கூடாது. இரு முனைகளிலும் இணைப்பைப் பிரித்துப் பூட்டிட்டு, மின்னழுத்தம் இல்லை என்று கருவியால் சோதித்து, பிறகு எர்த் செய்ய வேண்டும். நீண்ட கேபிள் ஒரு கெப்பாசிட்டரைப் போலவே மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால், சுவிட்சை அணைத்த பின்னும் எர்த் செய்யும் வரை அது ஆபத்தானதே. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இத்தகைய முன்னெச்சரிக்கைகளையே கோருகின்றன. அதன் பின், முனையில் எர்த் செய்த அதே கேபிள்தான் குழியில் நம் கைக்கு எட்டும் இந்தக் கேபிளா என்பதைக் கேபிள் அடையாளம் காணும் கருவியைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும். வரைபடத்தையும், "இதுதான் சார்" என்று சொல்பவரின் நினைவையும் மட்டும் நம்பிக் கட்டரைப் பூட்டக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் வெட்டை, காப்பிட்ட ஹோஸ் கொண்ட பாதுகாப்புக் கட்டரால் தொலைவிலிருந்தே செய்ய வேண்டும். இத்தகைய கருவிகளுக்கென்றே ஈ.என். 50340 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது; 30 கிலோவோல்ட் வரையான அமைப்புகளில் பயன்படும் ஹைட்ராலிக் கட்டர்களுக்கு அது பொருந்தும். ஹோஸ் சுமார் 10 மீட்டர் நீளமாக, மின்கடத்தாப் பொருளால் ஆனதாக, மின்கடத்தா எண்ணெயோடு வரும். வெட்டும் தலைக்கு எர்த் இணைப்பு இருக்கும். தவறிப்போய்க் கேபிளில் மின்சாரம் இருந்தால் இயக்குபவரைக் காப்பதற்காகவே இது உருவாக்கப்பட்டிருக்கிறது. தெரிந்தே மின்சாரமுள்ள கேபிளை வெட்டுவதற்கு இது அனுமதிச் சீட்டு ஆகாது. அதேபோல், கைப்பிடியில் ஐ.ஈ.சி. 60900, 1000 வோல்ட் என்று பொறித்திருக்கும் ராட்செட் கட்டரைக் கண்டு 11 கிலோவோல்ட் கேபிளை அணுகுவது பெரும் பிழை. சாதாரணக் கட்டரில் ரப்பர் கைப்பிடி இருப்பதும் பிடிமானத்துக்கு மட்டுமே. சாதாரண ஹோஸுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் எஃகு வலை பின்னப்பட்டிருக்கும் என்பதால், அதை நீளமாக வாங்கிப் பூட்டிக்கொண்டு காப்பிட்ட கட்டராகப் பயன்படுத்த எண்ணுவோருக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அழுத்தம் ஏற்றும்போது குழிக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. இங்குள்ள குழுக்களில் தமிழும் கன்னடமும் இந்தியும் பேசுவோர் கலந்தே வேலை செய்கிறோம். ஆகவே நிறுத்தச் சொல்வதற்கு எல்லோருக்கும் புரியும் ஒரே கைச்சைகையை வேலை தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடைக்குப் போகும்போது, சைட்டில் வெட்ட வேண்டிய கேபிளின் துண்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பீனியாவிலோ எஸ்.பி. ரோட்டிலோ கருவியின் மேல் நம்பிக்கையுள்ள விற்பனையாளர் அதை வெட்டிக் காட்டத் தயங்க மாட்டார். வெட்டிய முகத்தைக் கூர்ந்து பாருங்கள். அறுபடாத இழைகள் நார் போல நீண்டிருந்தால் பிளேடுகளின் இடைவெளி அதிகம். நுண்ணிழைகள் கொண்ட நெகிழ்வான செம்புக் கேபிளில் இந்தக் குறை உடனே வெளிப்படும். பிறகு வாயில் எதுவும் இல்லாமல் முழு அழுத்தம் ஏற்றி, பாதுகாப்பு வால்வு திறக்கும் ஒலியைக் கேட்க வேண்டும். ராமின் ஓரத்திலும் ஹோஸ் இணைப்பிலும் எண்ணெய் கசிகிறதா என்று துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். விடுவிப்பு நெம்பைத் திருப்பியதும் பிளேடு தயங்காமல் பின்வாங்க வேண்டும்.

மாற்றுப் பிளேடும் சீல் கிட்டும் இதே ஊரில் கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு வருடத்தில் ஓரிரு முறை மட்டுமே தேவைப்படும் 105 அல்லது 120 மி.மீ. கருவியை வாடகைக்கு எடுப்பதே நியாயம். ஆனால் வாடகைக் கருவியின் பிளேடை எடுத்துச் செல்லும்போதே புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போதும் அதற்குப் பின்னும்

கேபிளை வாயின் ஆழம் வரை தள்ளி, பிளேடுக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாய்ந்து வெட்டினால் பிளேடு பக்கவாட்டில் தள்ளப்பட்டு விளிம்பு உடையும். கேபிள் சிக்கிக்கொண்டால் முறுக்கி இழுக்காமல் அழுத்தத்தை விடுவித்துப் பின்வாங்க வேண்டும். ஏ.சி.எஸ்.ஆர். கடத்தியை வெட்டும் முன் வெட்டும் இடத்தின் இருபுறமும் பைண்டிங் வயரால் கட்டாவிட்டால் இழைகள் பிரிந்து சிதறும். இழுவிசையில் இருக்கும் கடத்தியை, அந்த இழுவையைக் கிளாம்பால் தாங்கிப் பிடிக்காமல் வெட்டவே கூடாது.

எண்ணெய் குறைந்தால் கருவியின் கையேடு சொல்லும் ஹைட்ராலிக் எண்ணெயையே ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு வண்டியின் பிரேக் ஆயிலை ஊற்றுவோர் இருக்கிறார்கள். அந்தத் திரவம் சாதாரண நைட்ரைல் சீல்களை ஊதச் செய்து கெடுத்துவிடும். ராமை முழுதாகப் பின்வாங்கிய நிலையிலேயே எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும், கருவியை வைக்கும்போதும் அதே நிலையில் வைக்க வேண்டும்.

வெட்டிய கேபிளில் டிரம்மில் மிஞ்சும் முனைக்கும், குழியில் காத்திருக்கும் முனைக்கும் உடனே வெப்பத்தில் சுருங்கும் மூடியைப் போட வேண்டும். ஜாயிண்ட் மறுநாள்தானே என்று திறந்தே விடப்பட்ட முனையில் ஓர் இரவு மழை பெய்தால், தண்ணீர் கோரின் இழைகளுக்கிடையிலும் ஆர்மருக்கடியிலும் ஊர்ந்து வெகு தூரம் உள்ளே போய்விடும், எக்ஸ்.எல்.பி.ஈ. காப்பில் ஈரம் தங்கினால் மின்புலத்தின் கீழ் நுண்ணிய கிளைகளாகப் பழுது வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அங்கே கேபிள் வெடிக்கக்கூடும். ஆகவே கட்டர் பெட்டியிலேயே சரியான அளவில் இரண்டு மூடிகளையும் சூடாக்கும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு சைட்டுக்குப் போங்கள்.